கவனியாமை அலுவலர்

எந்தக் காரணத்துக்காக ஓர் இடத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்களோ, அதே காரணத்துக்காக இன்னோர் இடத்தில் கைகுலுக்கி நாற்காலி போட்டு உட்காரவைக்கிற அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. சல்யூட்டுக்கு வாய்த்தது.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அதை வாகன நிறுத்துமிடத்தில் எல்லாரும் மறந்துபோய் வெகுநாளாகிறது. அங்கே அவன் வாசல் காவலாளியாக இருந்தான். ஒருநாள் மத்தியானம் முதலாளியின் சொந்தக் காரை எவனோ ஒருவன் ஓட்டிக்கொண்டு வெளியே போனான். இவன் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டு, போனவனுக்கு விறைப்பாக ஒரு சல்யூட்டும் வைத்தான். ஓட்டினவன் முதலாளி இல்லை என்பதையும், முதலாளி பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார் என்பதையும் அவன் கவனிக்கவில்லை. அன்றோடு வேலை போயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவன் மனைவிக்கு வேலை இருந்தது. 'நிதானம்' என்ற கம்பெனியில், குறைகேட்கும் தொலைபேசிப் பிரிவில்.

நிதானம் ஆண்களுக்கான உடை தயாரிக்கிற இடம். வெள்ளைச் சட்டை, சாம்பல் கால்சட்டை, சாம்பல் கோட்டு, கறுப்பு பனியன், இவ்வளவுதான். கோடு கிடையாது, கட்டம் கிடையாது, பூ என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. பார்த்தால் தெருவில் போகிற எவரும் போட்டிருக்கிற சட்டை மாதிரியே இருக்கும். அப்படி இருக்கவைப்பதற்கு மாடி மாடியாக ஆட்கள் உட்கார்ந்து மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். கம்பெனியின் பெயரைச் சட்டையில் எங்கேயும் போடுவதில்லை. காலருக்குள்ளே ஒரு துண்டுச் சீட்டு தைப்பதுகூடக் கூச்சல் என்பது அவர்கள் கொள்கை. அளவையும் எழுத மாட்டார்கள். 'அளவு என்பது அணிபவருக்கும் ஆடைக்கும் நடுவிலுள்ள அந்தரங்கம்' என்று கடை வாசலில் ஒரு பலகை உண்டு. மூக்கு இடிக்கிற தூரத்தில் போய் நின்றால்தான் அதைப் படிக்க முடியும். விலை மட்டும் தெருமுனையிலிருந்தே கேட்கும்.

அவளுக்குத் தினமும் வருகிற அழைப்புகள் எல்லாம் ஒரே ரகம்.

"மேடம், உங்க சட்டையைப் போட்டுட்டு ஆபீஸ் போனேன். ஒருத்தர்கூட கவனிக்கலை."

"வாழ்த்துகள் சார்."

"இல்ல மேடம், நான் சொல்றது புரியலையா? ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேக்கலை."

"மனமார்ந்த வாழ்த்துகள் சார். சட்டை சரியா வேலை செய்யுது."

இப்படிச் சொல்லிச் சொல்லியே அவள் வலது காது பழுதாகிவிட்டது. வருஷக்கணக்காக ரிசீவரை அந்தப் பக்கமே இடுக்கிக்கொண்டதில் முதலில் இரைச்சல், பிறகு வலி, பிறகு பாதிச் செவிடு. போன் வேலையை விடாவிட்டால் இன்னொரு காதுக்கும் உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைக் கணவனிடம் அவள் மறைக்கவில்லை, இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் அவன் பேப்பர் படித்துக்கொண்டே "சரி, சரி" என்றான்.

ஒருநாள் கம்பெனி லிஃப்டில் தோழி ஒருத்தியிடம் அவள் புலம்பினாள். "எங்க வீட்டுக்காரருக்கு வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாக்கூடத் தெரியாது. வெளிச்சம் நல்லா இருக்கேன்னு அடுத்த பக்கத்தைப் படிப்பார்."

லிஃப்டின் மூலையில் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர் நின்றிருந்தார். அவர் இருப்பதை யாரும் கவனித்திருக்கவில்லை, அவர் சட்டை அப்படி. ஊழியர்கள் தங்களுக்குள் அவரைக் கிசுகிசு என்பார்கள். அவர் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் அவள் பக்கம் குனிந்தார். நல்லவேளையாக இடது பக்கம்.

"அந்த மனுஷரை நான் பார்க்கலாமா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

நேர்காணலுக்கு அவசரமாகக் கிளம்பும்போது சல்யூட்டின் சட்டையில் ஒரு பொத்தான் தெறித்து விழுந்தது. மனைவி வாசலிலேயே நிறுத்தித் தைத்துவிட்டாள். அவன் பேப்பரை அவள் தலைக்கு மேலே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான்.

நேர்காணல் செய்தவர் ஓர் அம்மையார். அவருக்குப் 'பரவச அளவீட்டு அதிகாரி' என்று பதவி.

"இந்த அறைக்குள்ள வந்ததும் என்ன பார்த்தீங்க?"

"கதவுங்க."

"அப்புறம்?"

"இந்த நாற்காலி. உட்காரச் சொல்வீங்களா மாட்டீங்களான்னு யோசிச்சேன்."

"மேசை மேல ஒருத்தர் நிக்கிறாரே?"

சல்யூட் நிமிர்ந்து பார்த்தான். நிஜமாகவே மேசைமேல் ஓர் ஆள், அந்தப் பருவத்தின் புதுக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு காலை முன்னால் வைத்து நின்றிருந்தான்.

"அவரும் வேலைக்குத்தான் வந்திருக்காருங்களா?" என்று கேட்டான்.

அம்மையார் அப்போதே கையெழுத்துப் போட்டார். பதவியின் பெயர் 'கவனியாமை அலுவலர்'. இப்போதைக்குத் தற்காலிகம், வருஷாந்திர உடைக் காட்சியில் நன்றாக நடந்துகொண்டால் நிரந்தரம்.

வேலை இதுதான். இரண்டாவது மாடி நடையில் ஒரு நாற்காலி. அதில் அவன் பேப்பரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். புதிதாகத் தைத்த உடையைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள் முன்னால் நடந்துபோவான். மணி அடிக்கும். அதிகாரி வந்து, "என்ன பார்த்தீங்க?" என்று கேட்பார். "ஒண்ணும் பார்க்கலைங்க" என்று பதில் வந்தால் உடை தேறிவிட்டது. உடனே அறைகளிலிருந்து வடிவமைப்பாளர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கைதட்டுவது நிதானத்தின் வழக்கமில்லை. உள்ளங்கையை உள்ளங்கையோடு மெதுவாகத் தேய்ப்பார்கள். நாலு பேர் சேர்ந்து தேய்த்தால் குளிர் காய்கிற மாதிரி இருக்கும்.

சல்யூட்டுக்கு இதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக அவன் எதையோ சரியாகச் செய்துகொண்டிருந்தான். ஒரே ஒரு தடவை பிசகிற்று. "யாரோ ஒருத்தர் போனாருங்க" என்று சொல்லிவிட்டான். அந்த உடையை வடிவமைத்த இளைஞரை அன்று மாலையே நீண்ட விடுப்பில் அனுப்பினார்கள். யாரோ ஒருத்தர் என்பதே ஜாஸ்தியாம்.

இந்தச் சமயத்தில்தான் வெளியூர் போயிருந்த நிதானத்தின் முதலாளி திரும்பி வந்து கூட்டம் போட்டார். சல்யூட்டையும் அழைத்துச் சுவரோரம் உட்காரவைத்தார்கள்.

"எதிர்க்கடையில சிவப்புக் கோட்டு விக்கறான்" என்றார் முதலாளி. "முதுகுல பெரிசா ஒரு கிளி. கடை வாசல்ல வரிசை நிக்குது. நம்ம கடையில ஏன் வரிசை இல்லை?"

"வரிசையும் ஒரு கோடுதானே சார்" என்றார் பரவச அதிகாரி. "நம்மகிட்ட கோடு கிடையாதே."

"அதெல்லாம் இருக்கட்டும்மா. நம்ம துணியைப் பார்த்தா மனசுல ஒரு துள்ளல் வருதா? எனக்கே வரலை. நேத்து என் சட்டையைத் தேடினேன். கடைசியில போட்டுக்கிட்டிருந்தேன்."

எல்லாரும் கிசுகிசுவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று, காற்று போல ஆரம்பித்தார். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"பரவசம் நம்ம உடையில இருக்கு சார். வெளியே தெரியாது, அவ்வளவுதான். தெரிஞ்சா அது விளம்பரம். இப்ப நான் செஞ்சிட்டிருக்கிற சட்டையையே எடுத்துக்குங்க. பேரு 'ஏறக்குறைய'. மூணு வருஷ உழைப்பு. முதல் வருஷம் ஒண்ணும் செய்யலை. ரெண்டாவது வருஷம், செய்யாததைத் திரும்ப எடுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் குறைச்சேன். மூணாவது வருஷம் மறுபடி முதல் வருஷத்துக்கே போயிட்டேன். அந்த வெள்ளை இருக்கே, அது வெள்ளையாகணும்னு கிளம்பி, பாதியில வேணாம்னு நின்ன வெள்ளை. அந்தத் தயக்கத்துக்குத்தான் சார் விலை."

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆகவே பெரிய விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். இருந்தாலும் அளந்து பார்த்துவிடலாம் என்றார்.

அளந்தார்கள். கடைக்கு வருகிறவர்கள் மணிக்கட்டில் நாடித் துடிப்பைக் காட்டுகிற பட்டை ஒன்றைக் கட்டினார்கள். வந்தவர்கள் சட்டைகளைத் தொட்டார்கள், தடவினார்கள், போட்டுப் பார்த்தார்கள், ஒருவருக்கும் பட்டையின் முள் அசையவில்லை. ஒரு பெரியவர் கண்ணாடி முன்னால் நின்றவாக்கிலேயே தூங்கிப் போனார். ஒரே ஒருவருக்கு மட்டும் முள் எகிறிக் குதித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் கையில் விலைச்சீட்டு இருந்தது. அதிகாரி அறிக்கை எழுதினார்: 'வாடிக்கையாளர் விலையைப் பார்க்கும் கணத்தில் உச்சப் பரவசம் அடைகிறார். ஆகவே விலையே நமது மிகச் சிறந்த வடிவமைப்பு.' முதலாளி அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இனிமேல் உடை தேற வேண்டுமானால், கவனியாமை அலுவலர் எதையும் கவனிக்கவும் கூடாது, ஆனால் அவருக்குள்ளே ஏதோ ஒன்று அசையவும் வேண்டும் என்று புது விதி வந்தது.

"எங்கேங்க அசையணும்?" என்று சல்யூட் கேட்டான்.

"அது உங்க சௌகரியம்" என்றார் அதிகாரி.

அசைவதற்குப் பயிற்சி வேண்டுமே. கிசுகிசு தம் அறையில் இரண்டு வெள்ளைச் சட்டைகளை மாட்டி, எதிரே அவனை உட்காரவைத்தார். "ரெண்டுக்கும் நடுவுல ஒரு வித்தியாசம் இருக்கு. அது உங்ககிட்ட வரும். நீங்க அதுகிட்டப் போகாதீங்க" என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். சல்யூட் பார்த்தான். இரண்டும் சட்டை. மறுநாளும் பார்த்தான். அன்றும் இரண்டும் சட்டைதான். அந்த வாரக் கடைசியில், இடது சட்டையின் தோள் தையல் ஓர் எறும்புக்கால் அகலம் பின்னால் தள்ளியிருப்பது தெரிந்தது. அடுத்த வாரம், வலது சட்டையின் பொத்தான்களில் ஒன்று லேசாகத் தலையைச் சாய்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அதன் பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. இத்தனை வருஷம் சும்மா கிடந்த கண், வட்டியும் முதலுமாக வேலை செய்ய ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்தால் குழாய் சொட்டுவது தெரிந்தது. சுவர்க் கடிகாரம் கோணலாக இருப்பது தெரிந்தது. அடுப்படியில் மனைவி நின்றிருந்தாள்.

"முடி வெட்டியிருக்கியா?" என்று கேட்டான்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "போன வருஷம் வெட்டினேன்." அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன தப்பு பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"வேலை போயிடுச்சா?"

"இல்லம்மா. சும்மா பார்த்தேன்."

"சும்மா எதுக்குப் பார்க்கறீங்க? இருபது வருஷமா இல்லாத பழக்கம்."

அன்று ராத்திரிச் சாப்பாடு வரை அவள் அவனைச் சந்தேகத்தோடுதான் நடத்தினாள். சாப்பிடும்போது அவன் அவள் வலது பக்கம் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். பதில் இல்லை. மறுபடி கேட்டான். எழுந்து இடது பக்கம் போய்க் கேட்டான். உடனே எடுத்துக் கொடுத்தாள். யார் பேசினாலும் அவள் தலையை லேசாகத் திருப்பி இடது காதைக் காட்டுவது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"வலது காது கேக்கலையா உனக்கு?"

"பாதி கேக்குது. டாக்டர் போன் வேலையை விடச் சொன்னார். உங்ககிட்டயும் சொன்னேனே, ரெண்டு தடவை."

"நான் என்ன சொன்னேன்?"

"சரி, சரின்னீங்க."

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். காரைத் திருடனுக்குத் திறந்துவிட்டபோதுகூட இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. "நாளைக்கே விட்டுடு" என்றான்.

"விட்டுட்டு? உங்க வேலை தற்காலிகம்தானே. வருஷக் காட்சியில நிரந்தரமாக்கறோம்னு சொல்லியிருக்காங்க. ஆகட்டும், மறுநாளே ரிசீவரை வச்சுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்."

"என்ன?"

"ஒண்ணும் கவனிக்காதீங்க. உங்களுக்கு அது புதுசா என்ன?"

அதுதான் இப்போது மலையாக இருந்தது. நடையில் உட்கார்ந்தால், பேப்பருக்குக் கீழே தெரிகிற கால்சட்டை மடிப்பிலிருந்தே முழு ஆளையும் சொல்லிவிடுவான் போலிருந்தது. மணி அடித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணும் பார்க்கலைங்க. ஆனா உள்ள ஏதோ அசைஞ்சுது" என்றான். தினமும் பொய். வடிவமைப்பாளர்கள் உள்ளங்கை சிவக்கத் தேய்த்தார்கள்.

காட்சி நாள் வந்தது. காலையில் மனைவி அவனுடைய பழைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். நேர்காணலுக்குப் போட்டுக்கொண்டு போன ராசியான சட்டை. துவைத்துத் துவைத்து அதன் வெள்ளையும் பாதி வழியில் நின்றிருந்தது.

"கண்ணை மூடிக்குங்க" என்று சொல்லி அவளே மாட்டி, அவளே பொத்தான் போட்டுவிட்டாள். "இப்பவே எதையாவது பார்த்து ஆரம்பிச்சுடாதீங்க. மூடின கண்ணை அப்படியே பத்திரமா அங்க கொண்டுபோய்ச் சேர்க்கணும்." பஸ்ஸிலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். யாரோ பாவம் என்று எழுந்து இடம் கொடுத்தார்கள்.

காட்சி அரங்கில் பாதி நாற்காலி காலி. அழைப்பிதழ் அவ்வளவு அடக்கமாக அச்சிடப்பட்டிருந்தது, கிடைத்தவர்களில் பாதிப் பேர் வெற்று அட்டை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். வயலின்காரர் ஒருவர் வந்து பெட்டியைத் திறந்து, உள்ளே பார்த்து, மறுபடி மூடினார். இசை முடிந்தது என்று எல்லாரும் உள்ளங்கையைத் தேய்த்தார்கள்.

மேடையில் உட்காருகிறவர் வீட்டுச் சட்டையோடு வரக் கூடாது என்று அதிகாரி கடைசி நேரத்தில் சொல்லிவிட்டார். சல்யூட்டை உடை மாற்றும் அறைக்கு அனுப்பினார்கள். அந்த அறையின் விளக்கும் நிதானம்தான், எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. அவன் தன் சட்டையைக் கழற்றி அங்கிருந்த கம்பியில் மாட்டினான். உடுத்திவிடுகிற பெண் கம்பியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டாள். சீட்டும் இல்லை, பெயரும் இல்லை, அளவும் இல்லை. அவளைக் குறை சொல்லிப் பயனில்லை.

மேடை நடுவே நாற்காலி. கையில் பேப்பர். அரங்கில் இருந்த எல்லார் மணிக்கட்டிலும் நாடிப்பட்டை, அவன் மணிக்கட்டிலும்தான். அவனுடைய முள் மட்டும் பின்சுவரில் பெரிதாகத் தெரிகிற மாதிரி செய்திருந்தார்கள். ஊழியர்கள் பின்னால் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் மனைவி, இடது காதை மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

கிசுகிசு ஏதோ சொன்னார். 'ஏறக்குறைய' வந்துவிட்டது என்று முன்வரிசை பின்வரிசைக்குத் தெரிவித்தது. ஓர் ஆள் வெள்ளைச் சட்டையில் மேடைக்கு வந்து, சல்யூட்டுக்கு முன்னால் மெதுவாக நடந்தான்.

சல்யூட் பேப்பரை முகத்தோடு ஒட்டிக்கொண்டான். பார்க்கவே கூடாது என்றுதான் இருந்தான். பேப்பரின் ஓரத்தில் ஒரு பொத்தான் கடந்து போயிற்று. மேலிருந்து மூன்றாவது. மற்றதெல்லாம் வெள்ளை நூல், அது மட்டும் பழுப்பு நூல்.

நேர்காணல் நாள் ஞாபகம் வந்தது. அவசரத்தில் வெள்ளை நூல் கிடைக்காமல், கைக்கு வந்த நூலில் அவள் தைத்தாள். தைத்து முடித்ததும் கத்தரிக்கோல் தேடாமல், அவன் நெஞ்சுக்குக் குனிந்து பல்லால் நூலைக் கடித்தாள். அப்படியே ஒரு கணம் நெற்றியை அங்கேயே வைத்திருந்தாள். அவனுக்கு வேலை கிடைக்க வேண்டுமே என்று நினைத்திருப்பாள். அவள் தலைக்கு மேலே அவன் விளையாட்டுச் செய்தி படித்துக்கொண்டிருந்தான். எந்த ஆட்டம், யார் ஜெயித்தது, எதுவும் இப்போது ஞாபகமில்லை. அந்த நெற்றி மட்டும் இத்தனை நாள் கழித்து வந்து நெஞ்சில் இடித்தது.

பின்சுவரில் முள் துள்ளி மேல் விளிம்பில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

நிதானத்தின் சரித்திரத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. முதலாளி எழுந்து நின்றுவிட்டார். மணி அடித்தது. அதிகாரி ஓடிவந்து கேட்டார்: "என்ன பார்த்தீங்க?"

ஒண்ணும் பார்க்கலைங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். முள் துள்ளிவிட்டது, ஆள் கவனிக்கவில்லை. கம்பெனி தவம் கிடந்தது இதற்குத்தான். வேலை நிரந்தரம், அவள் காது பிழைக்கும். கூட்டத்துக்குப் பின்னால் அவள் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டுவதும் தெரிந்தது. வாய்வரை வந்த பதிலை அவனால் வெளியே தள்ள முடியவில்லை. ஆயிரம் தடவை சொன்ன பதில்தான். இந்த ஒரு பொத்தானைப் பார்த்துச் சொல்ல நாக்கு வரவில்லை.

"பார்த்தேங்க" என்றான். "அது என் சட்டை."

யாருக்கும் புரியவில்லை.

"மூணாவது பொத்தான் பழுப்பு நூல்ல தைச்சிருக்கு பாருங்க. அது என் வீட்டுக்காரி தைச்சது."

கிசுகிசு முன்னால் வந்தார். "அந்தப் பழுப்பு நூல் என் முடிவு" என்று மென்மையாகச் சொன்னார். "ரெண்டு வருஷம் யோசிச்சு எடுத்த முடிவு."

"வெள்ளை நூல் தீர்ந்துபோச்சுங்க" என்றாள் மனைவி, பின்வரிசையிலிருந்து. இனி மறைத்து என்ன என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

கிசுகிசு குனிந்து பொத்தானைப் பார்த்தார். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக உரக்கப் பேசினார். "அப்ப என் சட்டை எங்கே?"

தேடினார்கள். கம்பியைத் துழாவினார்கள், நாற்காலிகளுக்கு அடியில் பார்த்தார்கள். முதலாளி தம்மையே குனிந்து பார்த்துக்கொண்டார். கடைசியில் உடுத்திவிடுகிற பெண் வந்து, தயங்கித் தயங்கி சல்யூட்டின் நெஞ்சைச் சுட்டிக்காட்டினாள். மூன்று வருஷ உழைப்பு மேடையின் நடுவே, விளக்குக்கு நேர் கீழே, பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

பரவச அதிகாரிதான் முதலில் சுதாரித்தார்.

"எல்லாரும் பார்த்தீங்க" என்றார். "இல்லை, யாருமே பார்க்கலை. 'ஏறக்குறைய' இவ்வளவு நேரம் நம்ம கண்ணு முன்னாடியே இருந்திருக்கு. படைச்சவரே கவனிக்கலை. போட்டிருந்தவரே கவனிக்கலை. ஒரு சட்டைக்கு இதுக்கு மேல என்ன வெற்றி வேணும்?"

உள்ளங்கைகள் தேய்ந்தன. கிசுகிசு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிசுகிசுப்புக்குத் திரும்பினார். முதலாளி மட்டும் வியாபாரி. "முள்ளு எதுக்குக் குதிச்சுது? அந்தப் பழுப்பு நூலுக்குத்தானே? அதையே போடுங்கய்யா எல்லாச் சட்டையிலயும்."

ஆக மறுநாள் மனைவியைத் தொலைபேசியிலிருந்து எடுத்து, ஊசியும் பழுப்பு நூலும் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஒரு சிறு சங்கடம் வந்தது. அன்று அவள் தைத்தது வெள்ளை நூல் தீர்ந்துபோனதால். ஆகவே இங்கேயும் வெள்ளை நூல் தீர்ந்திருக்க வேண்டும் என்று கிசுகிசு வற்புறுத்தினார். கட்டடத்திலிருந்த வெள்ளை நூல் முழுவதையும் வண்டியில் ஏற்றி வெளியே அனுப்ப ஒரு குழு அமைத்தார்கள். அவள் ஒரு குவியல் சட்டைக்குத் தைத்தாள், பல்லாலேயே நூலைக் கடித்தாள். வாடிக்கையாளர்களிடம் காட்டினார்கள். முள் அசையவில்லை. "பொத்தான் தப்பா தைச்சிருக்கே, மாத்திக் குடுங்க" என்றார்கள். சல்யூட்டைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவனுக்கு முள் லேசாக அசைந்தது. வேறு யாரோ தைத்ததைக் காட்டினால் செத்துக் கிடந்தது.

அதிகாரி அறிக்கை எழுதினார்: 'பரவசம் சட்டையில் இல்லை, இவரிடம் இருக்கிறது. ஒவ்வொரு சட்டையோடும் இவரையும் அனுப்ப முடியுமா என்று ஆராயலாம்.' அனுப்புதல் பிரிவு, மடித்தால் கசங்குவார் என்று மறுத்துவிட்டது. பழுப்பு நூல் திட்டம் கைவிடப்பட்டது. கவனிக்கிறவருக்குக் கவனியாமைப் பதவி பொருந்தாது என்று அவன் நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள். மனைவியை மறுபடி தொலைபேசிக்கே போகச் சொன்னார்கள்.

அவள் அதிகாரியின் அறைக்குப் போனாள். சல்யூட்டும் கூடப் போனான், அவளுக்கு இடது பக்கமாக.

"ஒரு காது போயிடுச்சுங்க மேடம்" என்றாள். "மிச்சம் இருக்கிறதை நான் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறேன்."

அதிகாரி பதறிப்போனார். "அது நிரந்தரப் பதவிம்மா. குறைகள் நிக்கவே நிக்காது. யாராவது உட்கார்ந்துதானே ஆகணும்?"

"நான் உட்கார்றேங்க" என்றான் சல்யூட். "என் ரெண்டு காதும் புத்தம் புதுசா இருக்கு. இத்தனை வருஷமா உபயோகமே படுத்தலை."

முதல் நாள் வேலை சொல்லிக்கொடுக்க அவளே வந்திருந்தாள். எந்தப் பொத்தானை அழுத்துவது, ரிசீவரை எப்படி இடுக்கக் கூடாது, என்ன பதில் சொல்வது என்றெல்லாம் சொன்னாள். அவள் கறுப்புக் கரை போட்ட பச்சைப் புடவை உடுத்தியிருந்தாள். "கரை புதுசா?" என்று கேட்டான். "பழசு. நீங்கதான் புதுசு" என்றாள். மணி அடித்தது.

"சார், உங்க சட்டையைத்தான் போட்டுக்கிட்டு நேத்து வீட்டுக்குப் போனேன்" என்றது ஒரு குரல். கோபமாகத்தான் இருந்தது, ஆனால் அடியில் வேறு ஏதோ இருந்தது. "கதவைத் திறந்தது என் சம்சாரம்தான். எதிர்ல நின்னு பேசினேன், சாப்பிட்டேன், தூங்கினேன். அவ கவனிக்கவே இல்லை சார்."

வாழ்த்துகள் சொல்லுங்க, வாழ்த்துகள் என்று மனைவி வாயை மட்டும் அசைத்துக் காட்டினாள்.

சல்யூட் கொஞ்சம் யோசித்தான்.

"சார், அவங்க என்ன உடுத்தியிருந்தாங்க?"

மறுபக்கம் டக்கென்று எதுவோ மேசையில் இடித்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

ரிசீவரை மேசைமேல் அப்படியே போட்டுவிட்டு, யாரோ உள்ளறைப் பக்கம் நடந்து போகிற சத்தம்தான் கேட்டது.